கெடுதல்

பதினைந்தாம் குரோமோசோமில் ஓரிடத்தில்
ஐந்து லட்சம் எழுத்து இல்லை.
இரண்டு பிரதியில் ஒன்றில்தான்.
மற்றது முழுசாக இருக்கிறது.
வீட்டில் ஒருவர் ஊருக்குப் போனால்
இன்னொருவர் உலை வைப்பதுபோல்
ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது.

சல்காவுக்கு ஒன்பது வயது.
தடித்த கதைப் புத்தகங்களை ஒரே இரவில் முடிப்பாள்.
ஏழும் எட்டும் மட்டும்
அவளிடம் வந்தால் முகம் மாறிவிடுகின்றன.
அவள் அம்மாவின் இரத்தம் போன வாரம் பார்த்தாயிற்று:
குறையொன்றும் இல்லை.
இன்று அப்பா.

ஹோல்மாவிக்குக்கும் அப்பாலிருந்து
நான்கு மணிநேரம் வண்டி ஓட்டி
ரெய்க்யாவிக்கின் இந்த மூன்றாம் மாடிக்கு வந்திருக்கிறார்
ஓவெய்குர். ஆடு வளர்ப்பவர்.
நான் இரத்தம் எடுப்பவள்.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்,
பை கனத்து இடித்தது.
"கூழாங்கல்" என்றார், கேட்காமலே.
"ஒரு ஆடு வாசல் தாண்டினால் ஒரு கல்
இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு.
முப்பது வருஷமாக.
மனைவிக்குத் தெரியாது."

அடுத்த அறையில் தோர்ஹில்துர்
சல்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
கதவு மெல்லியது.
*பதினேழில் ஒன்பது போனால்?*
உள்ளே சத்தமில்லை.
இங்கே ஊசி ஏறிய கையோடு
அவர் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.
உள்ளேயும் இங்கேயும்
ஒரே நீளத்துக்கு மௌனம்.
குழாய் நிறைந்தது.

"என்னிடமிருந்துதான்" என்றார்.
முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றேன்.
"ஆகட்டும்."

தோர்ஹில்துரின் சுவரில் இரண்டு குன்றுகள் வரைந்த தாள்:
இழந்தவர்களின் குன்று
கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருக்கும்.
கொஞ்சம்தான். ஒன்றின்மேல் ஒன்று படுத்த
இரண்டு போர்வைபோலப் பெரும்பகுதி ஒன்றாகவே கிடக்கும்.
அதே இடம் இல்லாத ஒருத்தி
வரி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள்,
இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.
அதே இடம் இல்லாத ஒரு பையன்
ஆறு வயதிலும் பேசவில்லை.
இந்த இருவருக்கும் நடுவில் எங்கே நிற்கிறாள் சல்கா
என்று குன்றைக் கேட்டால்
குன்று என்ன சொல்லும்.

மரம், வேர். சேர்த்தால் மரவேர்.
நடுவில் மகர மெய் போய்விடும்.
தோன்றல் திரிதல் கெடுதல் என்று
பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன்.
எழுத்து போனதால் மரம் சாய்ந்ததாக
எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.
ஆறுதலுக்காகச் சொல்லவில்லை இதை.
எல்லா எழுத்தும் மகர மெய் அல்ல,
சிலது போனால் சொல்லே எழாது.
கெடுதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு.
அந்தப் பொருள் வாய்க்கு வரும்போதெல்லாம்
பஞ்சை எடுத்து
அடுத்த கையைத் துடைக்கப் போய்விடுவேன்.

சல்கா வெளியே வந்தாள்.
எத்தனை சரி என்று அவர் கேட்கவில்லை.
கோட்டைப் போட்டுவிட்டாள், பெரிய மனுஷிபோல.
வலப்பைக்குள் கை விட்டு எதையோ தொட்டு
அவர் முகத்தைப் பார்த்தாள்.
அவர் தலையாட்டினார்.
லிஃப்ட் மூடியது.

நாற்காலிக்கடியில் ஒரு கல் கிடந்தது,
கறுப்பு, கடல் தேய்த்தது,
பயறளவுக்கும் கொஞ்சம் பெரிசு.

செப்டம்பரில் மலையிலிருந்து மந்தை இறங்கும்.
எல்லா ஆடும் வாசல் தாண்டியபின்னும்
ஓர் ஆடு தாண்டிக்கொண்டிருக்கும்,
பையில் கல்லிருக்காது.
அவர் எதைத் தேடி மலைக்குத் திரும்புவார்?

உறையில் முகவரி எழுதினேன்.
அனுப்புநர் என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
மூன்று வாரம் கழித்துப் போகும் கடிதத்துக்கு
முன்னால் போய்ச் சேரட்டும் என்று
அன்றே தபாலில் போட்டேன்.